இரண்டு கையும் பிடித்திருக்கும்போது

புதிதாக வகுப்பெடுக்க வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

பாடத்திட்டம் அலமாரியில் பச்சை ஃபைலில் இருக்கிறது. வினைச்சொல் பட்டியல், அசை பிரித்து எழுதிய அட்டைகள், பழைய தேர்வுத் தாள்கள் எல்லாம் அதிலேயே கிடைக்கும். அந்த ஃபைலில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

பணி அனுபவம் என்று எழுத வேண்டியவர்கள் தலை நரைத்து ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஏழு வருடம் இத்தாலிய மொழி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன மாதம் வேலையை விட்டேன். மகளுக்கு இரண்டரை வயது, அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. இதை உங்களுக்கு எழுதலாமா என்று மூன்று முறை யோசித்து, இரண்டு முறை அழித்துவிட்டு, இப்போது மறுபடி எழுதுகிறேன்.

நீங்கள் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் பேசும் நர்ஸ்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள். என் மாணவிகள் பெரும்பாலும் வங்காளி நர்ஸ்கள். ஜாதவ்பூரில் இனிப்புக் கடைக்கு மேலே இருக்கும் அந்த நீள அறைதான் வகுப்பு. மதியத்தில் கீழேயிருந்து பாகு காய்ச்சும் வாசனை வரும். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே குறிக்கோள்: இத்தாலியில் முதியோர் இல்லத்தில் வேலை. நர்ஸ் வேலை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மொழிதான் தெரியாது.

இத்தாலிய வினைச்சொற்களில் கஷ்டம் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும், நான் எதைச் செய்தேன் என்பது புரிவதற்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு சொல்லிலும் ஏதோ ஓர் அசையில் குரல் அழுந்த வேண்டும். பேசுவது ‘பார்-லா-ரே’, நடு அசையில் அழுத்தம். எடுப்பது ‘ப்ரென்-தெ-ரே’, முதல் அசையில் அழுத்தம். அவர்கள் பேசுகிறார்கள் என்றால் ‘பார்-ல-னோ’. நடுவில் இருந்த அழுத்தம் தலைக்குப் போய்விடும். எழுத்தில் பெரும்பாலும் எந்தக் குறியும் இருக்காது. வங்காளிகள் எந்தச் சொல்லையும் தலையில் அழுத்தித்தான் தொடங்குவார்கள். நாமோ எங்கேயும் அழுத்தாமல் தண்டவாளத்தில் வண்டி போவதுபோல் போய்விடுவோம்.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். லேசான அசைக்கு ஆட்காட்டி விரலால் மேஜையில் ஒரு தட்டு. அழுத்தம் விழும் அசைக்கு உள்ளங்கையால் ஓர் அடி. வாயால் சொல்வதற்கு முன்னால் கையால் சொல்ல வேண்டும். பெயர்ச்சொல்லிலிருந்து வினை பிறப்பதையும் அப்படித்தான் நடத்தினேன். கைக்கு ‘ப்ராச்-சோ’. அதற்கு முன்னால் ஒரு ‘அ’ வந்து உட்கார்ந்தால் நம் ஊரில் ஒற்று மிகுவதுபோல் மெய் இரட்டித்து ‘அப்-ப்ராச்-சா-ரே’ ஆகிவிடும், அணைத்துக்கொள்வது. இரண்டு தட்டு, ஓர் அடி, ஒரு தட்டு. பதினெட்டுப் பேர் ஒன்றாகத் தட்டினால் கீழே இனிப்புக் கடைக்காரர் மேலே பார்ப்பார். பக்கத்து அறையில் ஜெர்மன் எடுப்பவர் என்னைப் பார்த்தாலே, “என்ன, இன்னிக்கு தப்லா கிளாஸ் இருக்கா?” என்பார். ஆனால் என் வகுப்பில்தான் அதிகம் பேர் தேறினார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மௌசுமிதி அப்போதுதான் வந்தார். ‘தி’ என்றால் அக்கா. என்னைவிட மூன்று வயது பெரியவர் என்பதால் நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை ‘மேம்’ என்பார். ஹவுராவிலிருந்து பஸ்ஸில் கங்கையைக் கடந்து வருவார். பதினொரு வருடம் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்தவர். அது மூடிவிட்டது. அதன் பிறகு ஆயா சென்டர் மூலமாக வீடு வீடாகப் போய்க் கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். படித்து, பயிற்சி பெற்று, வெள்ளைச் சீருடை போட்டவர். இப்போது கதவைத் திறப்பவர்கள் “ஆயா வந்தாச்சு” என்று உள்ளே குரல் கொடுக்கிறார்கள். அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டில் ஒன்பது வயது மகள், லேத் பட்டறையில் நுரையீரல் கெட்டுப்போன கணவர், பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியார்.

ஒருவருக்கு நேர்முகத் தேர்வு இரண்டு முறைதான். முதல் முறை வேறொரு நிறுவனத்தின் வழியாகப் போய்த் தோற்றிருந்தார். அவர் பேசியது அங்கே யாருக்கும் விளங்கவில்லையாம். இது இரண்டாவது முறை.

“மேம், எனக்கு வார்த்தை தெரியும். வாயில வரும்போது எல்லாம் ஒண்ணா உருண்டு வந்து விழுந்துடுது” என்றார் முதல் நாள்.

விரல் தட்டுவது அவருக்கு மருந்துபோல் வேலை செய்தது. இரண்டு மாதத்தில் வகுப்பிலேயே அவருடைய உச்சரிப்புதான் சுத்தம். அவருடைய கை மேஜையில் ஓடுவதைப் பார்க்க அழகாக இருக்கும். மேஜை இல்லாவிட்டால் தொடையில் தட்டுவார். புடவை மடிப்பில் விரல் மறைந்து ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி நான் கவனிக்கத் தவறியதைச் சொல்கிறேன். தவறு ஒரே நாளில் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது முன்கூட்டியே என்னிடம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போனது.

ஒரு நாள் என் அப்பா அம்மாவை ரயில் ஏற்றிவிட்டு ஹவுரா ஸ்டேஷனிலிருந்து பஸ் ஏறினேன். உள்ளே மௌசுமிதி ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடன் இன்னும் இரண்டு மாணவிகள். விளையாட்டாக, “அவர்கள் தொலைபேசியில் பேசுகிறார்கள், சொல்லுங்க பார்க்கலாம்” என்றேன். ‘தெ-லே-ஃபொ-ன-னோ’. அழுத்தம் கடைசியிலிருந்து நான்காவது அசையில், கஷ்டமான சொல்தான். ஆனால் முந்தின நாள் அதை வகுப்பில் பிசகாமல் சொன்னவர் அவர்.

வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“மேம், கை கம்பில இருக்கு!” என்றார்.

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம். கூட இருந்த பெண் அவருடைய பையை வாங்கிக்கொண்டாள். “இந்தாங்க, இப்ப பேசுங்க. இத்தாலில கிழவிய யாரு பிடிப்பா? அவங்களயும் எங்கிட்ட குடுத்துட்டுப் பேசுவீங்களா?” என்றாள். அதற்கும் சிரித்தோம்.

அந்தப் பெண் விளையாட்டாகச் சொன்னதில்தான் எல்லாம் இருந்தது. நர்ஸுக்குக் கை ஓய்ந்திருக்கும் நேரம் எது? நோயாளியைத் தூக்கும்போது, புரட்டும்போது, கட்டுப் போடும்போது, அப்போதுதானே அவர்களோடு பேச வேண்டும்? நான் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து மொழி படித்தவள். உட்கார்ந்தபடிதான் கற்றுக்கொடுத்தேன். கையாலேயே பிழைக்கிறவர்களின் பேச்சைக் கொண்டுபோய் அவர்களுடைய கையிலேயே கட்டிவைத்தேன். பஸ்ஸில் சிரித்துவிட்டு ஜாதவ்பூரில் இறங்கி அன்றும் வகுப்பில் தட்டவைத்தேன்.

நேர்முகத் தேர்வு நாள் முழுக்க மழை. டாலிகஞ்சில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மகளுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். பக்கத்து வீட்டில் நாங்கள் மாஷி என்று கூப்பிடும் அம்மாளிடம் அவளை விட்டுவிட்டு, மருந்து நேரத்தைக் காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி, பாதி வழியில் அளவைச் சரியாக எழுதினேனா என்று சந்தேகம் வந்து ஆட்டோவிலிருந்தே கூப்பிட்டுக் கேட்டு, அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

பன்னிரண்டு பேருக்கு அன்று தேர்வு. திரையில் இத்தாலியிலிருந்து இரண்டு பேர்: முதியோர் இல்லத்தை நடத்தும் அம்மாள் ஒருவர், உடன் ஓர் ஆண். முதல் பாதி பேச்சு. இரண்டாம் பாதியில் செய்து காட்ட வேண்டும்: இடது பக்கம் செயலிழந்த நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும், ஒவ்வொரு படியையும் நோயாளியிடம் இத்தாலிய மொழியில் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். நோயாளியாகப் படுக்க அலுவலகப் பெண் ஒருத்தியைப் பேசி வைத்திருந்தோம். தண்ணீரில் அவளால் வர முடியவில்லை.

எங்கள் நிறுவனத்தின் தலைவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைப் பார்த்தார்.

“நீ படுத்துக்க.”

“நான் வகுப்பு எடுத்தவ சார். நான் படுத்தா நல்லா இருக்குமா?”

“விதியில எங்கயாவது போட்டிருக்கா? நீ பேசப் போறதில்ல, அசையப் போறதில்ல. சின்னக் குழந்தைக்காரி, பகல்ல படுக்கச் சொன்னா வேண்டாம்னு சொல்ற முதல் ஆள் நீதான்” என்றார். வெளியே காத்திருந்த மாணவிகள்கூடச் சிரித்தார்கள்.

விதியில் இல்லைதான். ஆனால் எனக்கே தோன்றிவிட்டதே. வாயிலிருந்து கேள்வியாகக்கூட வந்துவிட்டதே. ஒரு கேள்வி தானாக வாயில் வந்தால் அதற்குப் பதில் கிடைக்கும்வரை நிற்க வேண்டும். நான் சிரிப்போடு சிரிப்பாகப் போய்ப் படுத்துக்கொண்டேன். ஃபோனை அணைத்து வைக்கச் சொன்னார்கள். மாஷி அந்த நேரத்தில் கூப்பிட்டால் என்ன செய்வது என்று நினைத்தபடியே அணைத்தேன்.

மூன்றாவதாக மௌசுமிதி வந்தார். பேச்சுப் பகுதி அருமையாகப் போனது. அவருடைய வலது கை மேஜைக்குக் கீழே தொடையில் ஓடுவது கட்டிலில் படுத்திருந்த எனக்குத் தெரிந்தது. திரையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அந்த அம்மாள் “மிக நன்று” என்றார்.

பிறகு கட்டிலுக்கு வந்தார். எத்தனையோ பேரைத் தூக்கிய கை அது. என் தோளைத் தொட்டவுடனேயே எனக்கு அது புரிந்தது. முதலில் பக்கவாட்டில் திருப்பினார். அப்போது ஒரு கை சும்மா இருந்தது, சொல்லும் வந்தது. உட்காரவைத்தார், அதற்கும் சொல் வந்தது. செயலிழந்ததாகச் சொல்லப்பட்ட என் இடது கையைப் பதமாக எடுத்துத் தன் மேல்கையின் மேல் படியவைத்தார். இரண்டு கைகளாலும் என் முதுகைச் சுற்றி வளைத்தார். இப்போது, ‘என்மேல் சாய்ந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுத் தூக்க வேண்டும். ‘சி அப்-போஜ்-ஜி’. லேசு, லேசு, பலம், லேசு. எழுபது தடவை தட்டிய சொல்.

“சி...” என்றார். நின்றுவிட்டார்.

என் முதுகில் ஒரு விரல் தட்டியது. ஒன்று. இன்னொன்று. பிறகு உள்ளங்கை அடிப்பதற்காக எழுந்தது. எழுந்தவுடன் என் பாரம் ஒரு பக்கம் சரிந்தது. பதறிப்போய்க் கையை மறுபடி அழுத்திக்கொண்டார். அவருடைய மூச்சு என் காதில் கேட்டது. சொல் வரவில்லை. இன்னொரு முறை விரல் ஒன்று, இரண்டு. மறுபடி கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் நான் விழுவேன். பதினொரு வருடத்தில் ஒருவரையும் விழவிடாதவர். கையை எடுக்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அப்போது அவருடைய மேல்கையில் படிந்திருந்த என் இடது கை தட்டியது. லேசு, லேசு, பலம், லேசு.

“சி அப்போஜ்ஜி ஆ மே” என்றார் மௌசுமிதி. கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. என்னைப் பூப்போலத் தூக்கி நாற்காலியில் வைத்தார்.

பிறகு அந்த அம்மாள் கேட்டார்: “நோயாளியின் இடது கை செயலிழந்தது அல்லவா? அது அசைந்ததைப் பார்த்தேன். இது நீங்கள் இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டதா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். குரலிலேயே அது இருந்தது. ஆனால் எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

மௌசுமிதி என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். அவர் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தார். வேண்டாம் என்பதுபோல் ஒரே ஒரு முறை தலையை அசைத்தார். வெளியே ஒன்பது பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். ஆசிரியையே சொல்லிக்கொடுத்தாள் என்றால் எல்லோருடைய தேர்வும் போய்விடுமோ என்று நினைத்தேன். என் வேலை போய்விடுமோ என்றும் நினைத்தேன். மகளுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்குமா என்று அந்த நொடியில்கூட நினைத்தேன். இவ்வளவையும் நினைக்க நேரம் இருந்தது. ‘அவர் கேட்கவில்லை, நானாகச் செய்தேன்’ என்று சொல்ல அதில் பாதி நேரம் போதும். அதைச் சொல்லக்கூடிய ஆள் அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

நான் செயலிழந்த நோயாளியாகவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

“சரி” என்றார் அந்த அம்மாள். ஏதோ எழுதிக்கொண்டார். “நன்றி. அடுத்தவர்.”

மௌசுமிதி போர்வையைச் சரியாக மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு வெளியே போனார்.

பன்னிரண்டு பேரில் ஏழு பேர் தேர்வானார்கள். மௌசுமிதி பெயருக்கு எதிரில், முறைகேடு என்பதால் இனி விண்ணப்பிக்க இயலாது என்று இருந்தது. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பாத்தியா, ஏழு பேர். நீ பேசியிருந்தா பன்னிரண்டும் போயிருக்கும்” என்றார். நானும் ஒரு வாரம் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மகளுக்குச் சோறு ஊட்டும்போது, தலை வாரும்போது, ஏழு, ஏழு என்று. ஏழு என்பது சின்ன எண் இல்லைதானே?

கணவரிடம் எட்டாம் நாள்தான் சொன்னேன். அவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். கேட்டுவிட்டு, “எழுதி அனுப்பு” என்றார்.

“வேலை போயிடுச்சுன்னா?”

“அத அப்புறம் பாக்கலாம். நீ மொதல்ல எழுது. நீ எழுதற வரைக்கும் அந்தம்மா பேர்லதானே அது இருக்கு?”

மறுநாள் எழுதினேன். நடந்தது முழுவதையும், விரல் தட்டும் முறையையும், அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை என்பதையும் எழுதினேன். ஐந்து நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். அதன் சாரம் இது: உண்மையைச் சொன்னதற்கு நன்றி. மௌசுமி அவர்களின் பெயருக்கு எதிரில் உள்ள குறிப்பை நீக்கிவிட்டோம். ஆனால் இரண்டு வாய்ப்புகளும் முடிந்துவிட்டன, இடங்களும் நிரம்பிவிட்டன. அன்று கேட்டபோதே சொல்லியிருந்தால் வேறொருவரைப் படுக்கவைத்து மீண்டும் செய்யச் சொல்லியிருப்போம். இப்படி நடப்பது புதிதல்ல, அதற்காகத்தான் கேட்டோம்.

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. ஏழு பேரும் போயிருப்பார்கள். எட்டாவதாக அவரும் போயிருக்கலாம். நான் யாரையும் காப்பாற்றவில்லை.

கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு ஹவுராவுக்குப் போனேன். பட்டறைகளுக்கு நடுவே குறுகலான சந்து. இரும்பு அறுக்கும் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. ஒரே அறை, அதைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் மாமியார் படுத்திருந்தார். கணவர் வெளியே போயிருந்தார், மகள் பள்ளியில். மௌசுமிதி என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். கடிதத்தை நிதானமாகப் படித்தார். எல்லாம் அவருக்குப் புரிந்தது. நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

“பேரு சுத்தமாயிடுச்சு. நல்லது” என்றார்.

“என்னை மன்னிச்சிடுங்கன்னு சொல்ல எனக்கு...”

“இருங்க மேம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அந்தம்மா கேட்டாங்களே, நீங்க ஏன் வாயத் தொறக்கல?”

பயந்துவிட்டேன் என்றேன். எதற்கு என்றார். எல்லாவற்றுக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

“பரவால்ல. நான் உங்கமேல கோபப்படல. வீட்ல எல்லாரும் திட்டினாங்க, உன் டீச்சர் உன்ன வித்துட்டா அப்படின்னு. நான்தான் சொன்னேன், இல்ல, எனக்காகத்தான் கையத் தட்டினாங்க, ஒரு நிமிஷம் எனக்காக எல்லாத்தயும் பணயம் வச்சாங்க, அப்புறம்தான் பயந்துட்டாங்கன்னு. அதனாலதான் இப்பவும் உங்களுக்கு டீ போட்டுக் குடுக்கறேன்” என்று சிரித்தார்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியார் முனகினார். மௌசுமிதி எழுந்து போய்த் திரையை ஒதுக்கினார். கிழவியைப் பக்கவாட்டில் திருப்பினார். உட்காரவைத்தார். இடது கையைப் பதமாக எடுத்துத் தன் மேல்கையில் வைத்தார். இரண்டு கையாலும் முதுகை வளைத்தார்.

“சி அப்போஜ்ஜி ஆ மே” என்றார்.

தயக்கமே இல்லை. அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. தூக்கி நிறுத்தியபடியே அடுத்த படி, அதற்கு அடுத்த படி, எல்லாச் சொற்களும் வந்தன. விரல்கள் கிழவியின் முதுகில் அசையாமல் இருந்தன.

“மறுபடி ஆரம்பிச்சிட்டா. இவ என்ன பேசறான்னு எமனுக்குக்கூடப் புரியாது” என்றார் மாமியார்.

“தேர்வுக்கு அப்புறம் தினமும் மூணு வேளை சொல்றேன் மேம். கைய எடுக்காமயே வருது. இப்ப வருது” என்று என் பக்கம் திரும்பினார். திரும்பியவரின் கண் என் முகத்தில் நிற்காமல் கீழே போனது.

நானும் குனிந்து பார்த்தேன். என் இடது கை பெஞ்சின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் தட்டியிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மௌசுமிதி மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்துப் போர்த்தினார். மெதுவாகத்தான் போர்த்தினார். அதன் பிறகு அங்கிருந்தபடியே கேட்டார்.

“அன்னிக்கு எனக்காகத்தானே தட்டினீங்க மேம்?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சொல்லியிருந்தால் கருணையாக இருந்திருக்குமோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஆனால் இன்னொரு முறை பேசாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

“தெரியல மௌசுமிதி. பழக்கமா இருக்கலாம்.”

அவர் என் பக்கத்தில் வந்து, பாதி குடித்திருந்த தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “குழந்தைக்கு அன்னிக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே, சரியாயிடுச்சா?” என்று கேட்டார். சரியாகிவிட்டது என்றேன்.

இப்போதும் அவர் ஆயா சென்டர் வழியாகத்தான் வேலைக்குப் போகிறார் என்று மாணவிகள் சொன்னார்கள். அந்த ஏழு பேரும் பனியில் நிற்கும் படங்களை எனக்கு அனுப்புகிறார்கள். வாழ்த்துச் சொல்லிப் பதில் எழுதுகிறேன்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் நான் வேலையை விட்டிருக்கமாட்டேன். செய்ய வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் மாணவிகளின் நோயாளியாக நீங்கள் படுக்காதீர்கள், யார் சொன்னாலும். தேர்வு நடத்துகிறவர்கள் ஏதாவது கேட்டால் உங்கள் தலைவரைப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள். பச்சை ஃபைலில் அசை அட்டைகளின் பின்பக்கம் விரல் தட்டும் குறிகள் போட்டிருக்கிறேன். முதல் மூன்று வாரத்துக்கு மேல் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். நான்காவது வாரத்திலிருந்து ஒவ்வொருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, இரண்டு கையாலும் ஒரு கனமான தலையணையை அணைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து படிப்பவர்கள் என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேசட்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சொல் வராமல் வாயைத் திறந்து மூடினால் அவசரப்படாமல் காத்திருங்கள்.

உங்கள் கைகளிலும் ஒரு தலையணை இருக்கட்டும்.